தூக்கத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேளுங்கள்: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறையில் இந்தத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் சங்ககிரியில் இருக்கிறேன். லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் 22 வருடமாக லாரி ஓட்டுகிறார். மாதத்துக்கு ஒரு முறை உங்கள் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா எங்கள் தெருவுக்கு வருகிறார். பிபி பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், நடக்க முடியாத பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் எங்கள் வாசற்படி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்கள் இன்று மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் அது உங்களால்தான். அதை மனதார நினைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த அக்கா கேட்கும் கேள்விகளோடு தூக்கத்தைப் பற்றியும் நாலு கேள்வி சேர்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அதுவும் நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. அவர் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் குறட்டை விடுவார். கல்யாணமான புதிதிலேயே உண்டு. நாற்பது வயதுக்கு மேல் உடம்பு கொஞ்சம் போட்டதும் அது இரண்டு வீடு தள்ளிக் கேட்க ஆரம்பித்தது. ‘பாவம், நாகப்பூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்காரு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு’ என்பார் என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்று நம் ஊரில் யாருக்குத்தான் நினைப்பு இல்லை?

ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அந்தக் குறட்டை நடுவில் நின்றுவிடும். சத்தமே இருக்காது. வயிறு மட்டும் மேலும் கீழும் போகும், மூச்சு வராது. நான் இருட்டில் எண்ணுவேன். பத்து, பதினைந்து, இருபது. சில நேரம் முப்பது வரை போகும். அப்புறம் கிணற்றில் முங்கியவர் மேலே வருவது போல ஒரு பெரிய திணறலோடு மூச்சு வரும், புரண்டு படுப்பார், மறுபடி குறட்டை தொடங்கும். இப்படி இரவு முழுக்க. பயந்து உலுக்கி எழுப்பினால், ‘என்னடி, நல்லாத்தானே தூங்கிட்டு இருக்கேன்’ என்று கோபிப்பார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் இந்த நோயின் கொடுமை. நோய் இருப்பவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார். சாட்சி பக்கத்தில் விழித்துக்கொண்டு கிடக்கிறது.

அவருக்கு பிபி வந்தது 43 வயதில். ஒரு மாத்திரையில் ஆரம்பித்து மூன்றாகியும் அளவு இறங்கவில்லை. ‘உப்பைக் குறைங்க, டென்ஷனைக் குறைங்க’ என்றார்கள். ராத்திரியில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். சுகராக இருக்கும் என்று பார்த்தார்கள், சுகர் இல்லை. காலையில் எழும்போதே தலைவலி. வீட்டில் இருக்கும் நாளில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகும். எத்தனை டாக்டர்களைப் பார்த்தோம்! எல்லோரும் கேட்டது ‘நல்லா தூங்குறீங்களா?’ என்ற ஒரு கேள்விதான், அதுவும் எப்போதாவது. அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: ‘தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லைங்க டாக்டர், படுத்த உடனே தூங்கிடுவேன்.’

படுத்த உடனே, உட்கார்ந்த உடனே, சிக்னலில் நின்ற உடனே தூங்குவதே ஒரு நோய்க்குறி என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

2018இல் ஒரு விடியற்காலை, லோடோடு வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தார். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர்ப் பக்கம் சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருக்கிறார். நின்ற இடத்திலேயே கண் அசந்து, பிரேக்கிலிருந்து கால் எடுபட்டு, வண்டி உருண்டு முன்னால் நின்ற லாரியில் இடித்தது. பம்பரும் விளக்கும் போயின, அவ்வளவுதான். ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் இறங்கி வந்த பாதை எது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இறக்கத்தில் போன உயிர்களின் கணக்கு எங்கள் ஆபீஸ் சுவருக்குத் தெரியும். அன்று எனக்கு வந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு நெஞ்சக நோய் டாக்டரிடம் போனோம். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்: ‘இவர் தூக்கத்தில் மூச்சு நிற்கிற மாதிரி நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?’ பத்து வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு இரவு தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 46 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. ஒவ்வொன்றும் குறைந்தது 10 நொடி. மணிக்கு 5 வரை இருந்தால் பெரிதாகக் கவலை இல்லை, 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை என்று டாக்டர் விளக்கினார். தூக்க மூச்சுத்தடை என்பது அதன் பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். கழுத்தில் கொழுப்பு இருந்தாலோ, கீழ்த்தாடை சிறிதாகவோ உள்ளடங்கியோ இருந்தாலோ, உள்நாக்குச் சதை பெரிதாக இருந்தாலோ, மல்லாந்து படுத்து நாக்கு பின்னால் சரிந்தாலோ காற்று போகும் வழி அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஓரிரு நொடி விழிக்க வைக்கிறது. விழித்தது நினைவில் நிற்காது. ஆனால் ஒவ்வொரு விழிப்பிலும் இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ராத்திரி முழுக்க இப்படி ஏறி இறங்கினால் பகலிலும் அது இறங்க மறுக்கிறது. மூன்று மாத்திரைக்கும் பிபி கட்டுப்படாததற்கும், ராத்திரி சிறுநீருக்கும், காலைத் தலைவலிக்கும் இருந்த ஒரே வேர் இதுதான்.

குண்டானவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். நம்மவர்களுக்கு முக எலும்பின் அமைப்பினாலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பினாலும் குறைந்த எடையிலேயே வருகிறது என்றார் டாக்டர். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் வரும். ராத்திரி ஒரு கட்டிங் போட்டால் நன்றாகத் தூங்கலாம் என்று நினைக்கும் ஆண்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன், சாராயம் அந்தத் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது வரும். ஆனால் அவர்கள் குறட்டையைச் சொல்ல வெட்கப்படுவார்கள். அசதி, தூக்கமின்மை, தலைவலி என்றுதான் வந்து நிற்பார்கள், சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுவார்கள்.

எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் போட்ட கணக்குப்படி நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு இது இருக்கிறது. இதில் பெரும்பாலோர் உங்கள் பிபி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, காரணம் தெரியாமலேயே இருப்பார்கள் என்பது என் எண்ணம். வீடு வீடாகப் போகும் உங்களை விட்டால் அவர்களை யார் கண்டுபிடிப்பார்கள்?

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது, 64,105. பேப்பரில் ‘ஓட்டுநர் கண் அயர்ந்ததால்’ என்று ஒரு வரி வரும். அதோடு விஷயம் முடிந்துவிடும். ஏன் கண் அயர்ந்தார் என்று அடுத்த கேள்வி வராது. சிலருக்கு அது ஓய்வே இல்லாத ட்ரிப். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேரம் என்று சொல்லிவிட்டது, லோடு அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியும். ஆனால் சிலர் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் தூங்காதவர்கள். என் வீட்டுக்காரர் அந்த ரகம். லைசென்ஸ் வாங்கும்போது தரும் படிவத்தில் வலிப்பு உண்டா, மயக்கம் வருமா, நிறம் தெரியுமா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. விபத்து நடந்த பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. எங்கள் தொழிலில் அதனால் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். அதே அரசு விபத்துக்கு முன்னால், வீட்டு வாசலில், இரண்டு நிமிடம் செலவழிக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே ஒரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். தூக்க நோய் என்று எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று டிரைவர்கள் மறைப்பார்கள். என் வீட்டுக்காரரே மறைத்தார், ஓனரிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. ஆகவே வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வது சிகிச்சைக்கு மட்டும்தான், போக்குவரத்துத் துறைக்குப் போகாது என்று முதலிலேயே உறுதி கொடுங்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டால் தொடர்ந்து ஓட்டலாம் என்பதையும் சொல்லுங்கள். பிரிட்டனில் இந்த நோயால் பகலில் தூக்கம் அழுத்தும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், சிகிச்சையில் கட்டுப்பட்டபின் மறுபடி ஓட்டலாம். நம் ஊரில் அந்த இடத்துக்குப் போக நாளாகும். முதலில் நம்பிக்கை வரட்டும்.

மூச்சுத்தடை மட்டும்தான் தூக்க நோய் என்று நான் சொல்லவில்லை. எனக்கே இன்னொன்று இருந்தது. படுத்தால் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும், காலை ஆட்டாமல் இருக்க முடியாது, எழுந்து நடந்தால் சரியாகும், படுத்தால் மறுபடி வரும். நரம்புத் தளர்ச்சி என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்தேன். கடைசியில் அது உடம்பில் இரும்புச் சத்து இருப்பு குறைந்ததால் வருவது என்று தெரிந்தது. ஹீமோகுளோபின் ஓரளவு சரியாக இருந்தாலும், சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இது வரலாமாம். மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டேன், கால் அடங்கியது. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இவர்களில் எத்தனை பேர் ராத்திரி கால் குடைச்சலோடு நடந்துகொண்டிருக்கிறார்களோ! கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது அதிகம். உங்கள் அக்காக்கள் டயாலிசிஸ் நோயாளிகள் வீட்டுக்கும் போகிறார்களே, அங்கேயாவது கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தூக்கமே வராதவர்கள். வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. கவலை, மனச்சோர்வு, வலி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடிக்கும் டீ, படுக்கையில் போன் என்று அதற்கு நூறு காரணம். டீயில் இருந்து உடம்பில் போன காஃபீனில் (தூக்கத்தை விரட்டும் பொருள் அது) பாதி கரையவே ஐந்து மணி நேரம் ஆகும் என்பது டிரைவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதற்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சையாகச் சொல்வது மாத்திரை இல்லை, பழக்கத்தை மாற்றும் பயிற்சி. தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இருபது நிமிடம் போல வராவிட்டால் எழுந்து வந்துவிடுவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது. கேட்க எளிதாக இருக்கும், சொல்லிக்கொடுத்துக் கூடவே நிற்க ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தும் ‘அந்தச் சின்ன மாத்திரை’ என்று கேட்டு வாங்கி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூச்சுத்தடை இருப்பவர் அதைச் சாப்பிட்டால் மூச்சு இன்னும் மந்தமாகலாம். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொடுக்கும் தூக்க மாத்திரை அதனால்தான் ஆபத்து.

ஷிப்ட் வேலையையும் விட முடியாது. இங்கிருந்து குமாரபாளையம், பள்ளிபாளையம், திருப்பூர் வரைக்கும் மில்லும் தறியும் ராத்திரியில் ஓடுகின்றன. வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறினால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் எந்தப் பக்கம் திரும்பும்? பகலில் தகரக் கூரைக்குக் கீழே, குழந்தை சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண்கள் நாலு மணி நேரம் தூங்கினால் பெரிது. இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்தியது. ஆனால் மில் கேட்டுக்குள் இதைப் பேச யாரும் இல்லை.

தூக்கத்தில் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, கத்த முடியவில்லை என்று சொல்லும் பிள்ளைகளை அமுக்குவான் பேய் என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். கனவுத் தூக்கத்தில் கை கால் அசையாமல் மூளை கட்டிவைக்கும், விழிப்பு முன்னால் வந்து அந்தக் கட்டு பின்னால் அவிழ்ந்தால் அப்படி இருக்கும், ஓரிரு நிமிடத்தில் போய்விடும் என்று உங்கள் அக்கா ஒரு வரி சொன்னால் போதும், அந்தப் பயம் தீரும். இதற்கு நேர்மாறாக, வயதான ஆண்கள் சிலர் கனவில் நிஜமாகவே கத்துவார்கள், உதைப்பார்கள். அந்தக் கட்டு விழாமல் போவதால் வருவது அது. பின்னால் நடுக்குவாத நோய் வரலாம் என்பதற்கு முன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். சிரித்துவிட்டு விடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். டொரண்டோ மருத்துவர்கள் 2008இல் மூச்சுத்தடையைக் கண்டுபிடிக்க எட்டுக் கேள்வி கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். கதவு சாத்தியிருந்தாலும் கேட்கிற குறட்டை உண்டா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிபி உண்டா என்று நான்கு. எடை, ஐம்பதைத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்து, ஆணா என்பவை மற்ற நான்கு. இதில் பாதி உங்கள் அக்காவின் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. கழுத்துக்கு இன்ச் டேப்கூட வேண்டாம். சட்டைக் காலர் என்ன சைஸ் என்று வீட்டுக்காரியைக் கேட்டால் போதும். என் வீட்டுக்காரருக்கு 44.

இவ்வளவு பேரைக் கண்டுபிடித்துவிட்டு எங்கே அனுப்புவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கும் பரிசோதனை தேவைப்படாது. வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சிறிய கருவிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அப்படிப் பத்துக் கருவி இருந்து, மாத்திரைக்கு அடங்காத பிபி உள்ளவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் முதலில் கொடுத்தால் ஒரு நல்ல தொடக்கமாக இருக்கும்.

சிகிச்சைக்குத்தான் பணம். முகத்தில் மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கும் மேலான விஷயம். எங்களுக்கு அதை வாங்க என் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அவர்களுடைய சுகாதாரத் திட்டத்தில் இந்தக் கருவிக்குப் பணம் திரும்பக் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நாட்டுக்குச் சாமான் சுமப்பவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். விலைக்கு வாங்கித் தர முடியாவிட்டால், சக்கர நாற்காலி போல இரவலாகத் தாருங்கள். மாட்டிக்கொள்ளப் பழகும் முதல் மாதம் கஷ்டம். மூக்கு வறளும், முகமூடி நழுவும், பாதி ராத்திரியில் கழற்றி எறிவார்கள். அந்த மாதத்தில் வாரம் ஒரு முறை யாராவது வந்து ‘எப்படி இருக்கு, எங்கே உறுத்துது’ என்று கேட்டால் பாதிப் பேர் விட்டுவிட மாட்டார்கள். வீட்டுக்கு வருகிற ஆள் உங்களிடம்தான் இருக்கிறார்.

என் வீட்டுக்காரர் இப்போது மூன்று மாத்திரையில் ஒன்றை நிறுத்தியிருக்கிறார், டாக்டர் சொல்லித்தான். ராத்திரி ஒரு முறைதான் எழுகிறார். லாரியில் படுக்கும் நாளிலும் அந்தக் கருவியை இன்வெர்ட்டரில் போட்டுக்கொள்கிறார். சோறு சாப்பிடும்போது என்னோடு பேசுகிறார்.

போன மாதம் அக்கா வந்தபோது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முழுதாகப் படித்தார். ‘எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் நிக்குது’ என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘ஆனா இதை எழுத எனக்கு இடம் இல்லையே அம்மா’ என்றார்.

அவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.